கேம் டைமிங்: புள்ளி பொருந்தியும் வண்டி இழுக்கவில்லையே, ஏன்?

பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளின் இஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், கேம் டைமிங் (வால்வுகளைத் திறந்து மூடும் கேமைப் பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கோடு பொருத்தி வைப்பது) பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் டிகிரி என்று வருவதெல்லாம் கிராங்க் டிகிரி. கேம் டிகிரியாக இருந்தால் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கிராங்க் இரண்டு சுற்று வந்தால் கேம் ஒரு சுற்று. ஆகவே கேமில் 1 டிகிரி பிசகினால் கிராங்கில் அது 2 டிகிரி. இந்தக் கணக்கு நினைவில் இல்லாவிட்டால் கீழே வரும் எண்கள் குழப்பும்.

கேள்வி: சிங்கிள் சிலிண்டர் புஷ்ராட் (கீழே உள்ள கேம் கம்பி வழியாக வால்வைத் தள்ளும்) இஞ்சின். டைமிங் கியர்களில் உள்ள புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துத்தான் மூடினேன். ஆனாலும் கிக்கர் பொதபொதவென்று இறங்குகிறது, கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது. ஆர்பிஎம் ஏறினால் மட்டும் ஓரளவு இழுக்கிறது. புள்ளி சரியாக இருக்கும்போது டைமிங் எப்படித் தப்பும்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேம் பின்தங்கியிருப்பதைத்தான் காட்டுகின்றன. இன்லெட் வால்வு தாமதமாக மூடுகிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருப்பதால், இழுத்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்புகிறது. அதுதான் துப்பல். மிச்சம் இருப்பதை மட்டுமே பிஸ்டன் அழுத்துவதால் கிக்கரில் கனம் தெரிவதில்லை. வேகம் கூடும்போது உள்ளே வரும் கலவைக்கே ஒரு உந்துதல் கிடைத்துவிடுவதால் மேலே ஏறினால் இழுக்கிறது.

ஆனால் கியர் கவரைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இன்லெட் டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) இறுகியிருந்தாலும், வால்வு சீட்டில் கசிவு இருந்தாலும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். அங்கே குறை இல்லை என்றால்தான் டைமிங்.

புள்ளி பொருந்தியும் டைமிங் தப்புவதற்குக் காரணங்கள் பல. கிராங்கில் உள்ள சின்ன கியர் ஒரு இஞ்சினிலிருந்தும் கேம் கியர் வேறொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். பல் எண்ணிக்கை ஒன்றுதான், கீ காடி (கியரைத் தண்டோடு பிணைக்கும் ஆப்பு உட்காரும் பள்ளம்) வெட்டிய இடம் வேறாக இருக்கும். ஒரே கியரை இரண்டு மூன்று மாடலுக்குப் பயன்படுத்தியதால் அதில் இரண்டு மூன்று குறிகள் இருக்கும், யாரோ ஒருவர் தவறான குறியைப் பிடித்திருப்பார். கியரை அழுத்தி ஏற்றிய கேம்ஷாஃப்ட்டில் கியர் கொஞ்சம் நழுவியிருக்கலாம். கிராங்கின் கீ பாதி அறுந்து, கியர் சற்றே திரும்பி உட்கார்ந்திருக்கலாம். கேமை மறுபடி கிரைண்ட் செய்தவர் லோப்பின் (வால்வைத் தள்ளும் கேமின் புடைப்பு) நடுவைச் சற்றுத் தள்ளிச் சாணை பிடித்திருக்கலாம். இவை எதுவும் புள்ளியைப் பார்த்தால் தெரியாது.

ஒரு பல் என்பது எவ்வளவு என்று பாருங்கள். கேம் கியரில் எத்தனை பல் உண்டோ அதை வைத்து 720ஐ வகுங்கள். 50 பல் என்றால் 14.4 டிகிரி. 36 பல் என்றால் 20 டிகிரி. நடைமுறை வண்டிக்கு 2 டிகிரி பிசகுவரை பொறுத்துக்கொள்ளலாம். 14 என்பது நீங்கள் விவரித்த வண்டி.

டிகிரி பிளேட் (கிராங்க் முனையில் மாட்டும், டிகிரி குறித்த வட்டத் தட்டு) இல்லாமலேயே ஒரு பல் பிசகைப் பிடிக்கலாம். எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் ஓவர்லாப் கட்டத்தில் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வுமே சிறிது திறந்திருக்கும். அந்த இடத்தில் டயல் கேஜால் (மிகச் சிறு அசைவையும் காட்டும் அளவுமானி) இரண்டின் லிஃப்ட்டையும், அதாவது வால்வு திறந்த உயரத்தையும், அளந்து பாருங்கள். பெரும்பாலான பழைய ரோடு கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்கும், எக்ஸாஸ்ட் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் நன்றாகத் திறந்தும் இன்லெட் அப்போதுதான் அசையத் தொடங்கியும் இருந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் முந்தியிருக்கிறது. இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனி கேம் கியர் உள்ள இஞ்சினில் ஒன்று மட்டும் ஒரு பல் தள்ளியிருக்க வாய்ப்புண்டு. அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: டிகிரி பிளேட் வாங்கிவிட்டேன். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தை டாப் டெட் சென்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும், அதைப்போல் இரு மடங்கு நீளமுள்ள கனெக்டிங் ராடும் உள்ள இஞ்சினை எடுத்துக்கொள்வோம். டாப்பிலிருந்து 1 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது 0.01 மி.மீ.க்கும் குறைவு. ஸ்க்ரூடிரைவர் என்ன, நல்ல டயல் கேஜே அங்கே தடுமாறும். அதே இஞ்சினில் 10 டிகிரி தள்ளிப் பார்த்தால் பிஸ்டன் சுமார் 0.85 மி.மீ. இறங்கியிருக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.17 மி.மீ. நகரும். அளவு எடுக்க வேண்டிய இடம் அதுதான். டாப்பை நேரே தேடக்கூடாது. இரண்டு பக்கமும் சம தூரத்தில் பிடித்து நடுவை எடுக்க வேண்டும்.

இதற்குப் பிஸ்டன் ஸ்டாப் செய்துகொள்ளுங்கள். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உடலில் மரை வெட்டி, நுனியை உருட்டிய போல்ட் ஒன்றை முடுக்கி, லாக் நட் போடுங்கள். போல்ட்டின் நடுவே ஒரு துளை இருந்தால் உள்ளே காற்று அடைபடாது. பிஸ்டன் டாப்புக்குச் சற்று முன்பே, சுமார் 30, 40 டிகிரியில், போல்ட்டில் முட்டி நிற்குமாறு நீளத்தை வையுங்கள்.

பிளேட்டைக் கிராங்க் முனையில் இறுக்கி, கிராங்க்கேஸ் ஸ்க்ரூ ஒன்றில் கெட்டியான கம்பியைக் கட்டி முள்ளாக வளைத்து, நுனியைக் கூராக்குங்கள். பிஸ்டன் உத்தேசமாக டாப்பில் இருக்கும்போது முள் பூஜ்யத்தைக் காட்டட்டும். இப்போது ஸ்டாப்பை மாட்டி, கிராங்கை மெதுவாக முன்னோக்கித் திருப்பி முட்டும் இடத்தைக் குறியுங்கள். பின்னோக்கித் திருப்பி மறுபடி முட்டும் இடத்தைக் குறியுங்கள். ஒரு பக்கம் 38, மறு பக்கம் 44 என்று வந்தால் கூட்டுத்தொகை 82, பாதி 41. கிராங்கை அசைக்காமல் முள்ளை மட்டும் 3 டிகிரி வளைத்து 41க்குக் கொண்டுவாருங்கள். மறுபடி இரு பக்கமும் முட்டிப் பாருங்கள். இரண்டிலும் 41 என்று வந்தால் பிளேட்டின் பூஜ்யம்தான் உண்மையான டாப். இனி முள்ளைத் தொடக்கூடாது. கை பட்டுவிட்டால் முதலிலிருந்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பிளேட் பெரிதாக இருப்பது நல்லது. 100 மி.மீ. விட்டமுள்ள பிளேட்டில் 1 டிகிரி என்பது 0.9 மி.மீ.கூட இல்லை. 200 மி.மீ. பிளேட்டில் 1.75 மி.மீ. வரும், கண்ணுக்கு நிம்மதி.

எச்சரிக்கை ஒன்று. பிளக் ஓட்டை சாய்வாக உள்ள ஹெட்டில் நீளமான போல்ட், திறந்திருக்கும் வால்விலும் மோதலாம். ராக்கர்களைத் தளர்த்திவிட்டு வால்வுகள் மூடிய நிலையில் செய்யுங்கள். ஹெட் இன்னும் ஏறவில்லை என்றால் இன்னும் நல்லது. பேரலின் இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே ஒரு கெட்டியான பட்டையைப் பாலம்போல் கட்டி, அதன் நடுவில் போல்ட் வைத்தால் பிஸ்டனில் நேராக முட்டும். எப்படியானாலும் கிராங்கை ஸ்பேனரால் கையில்தான் திருப்ப வேண்டும். கிக்கரால் மிதித்தால் பிஸ்டனின் தலையில் குழி விழும்.

கேள்வி: மேனுவலில் இன்லெட் டாப்புக்கு 30 டிகிரி முன் திறந்து, பாட்டத்துக்கு (பிஸ்டனின் கீழ் முனை) 60 டிகிரி பின் மூடும் என்று போட்டிருக்கிறது. எனக்கு 44ல் திறந்து 75ல் மூடுகிறது. கேம் தவறானதா?

பதில்: கேம் சரி, டைமிங்கும் சரி. நீங்கள் அளந்த விதம்தான் வேறு. திறப்பு 14 டிகிரி முந்தியிருக்கிறது, மூடல் 15 டிகிரி பிந்தியிருக்கிறது. இரண்டு முனையும் எதிரெதிர்த் திசையில் விரிந்திருப்பதைக் கவனியுங்கள். கேம் நகர்ந்திருந்தால் இரண்டும் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். உதாரணமாக 16ல் திறந்து 74ல் மூடினால், கேம் 14 டிகிரி பின்தங்கியிருக்கிறது என்று பொருள். 50 பல் கியராக இருந்தால் அது ஒரு பல்.

உங்கள் எண்கள் விரிந்ததற்குக் காரணம் டேப்பெட் இடைவெளி. லோப்பின் அடியில், சத்தம் வராமல் இருக்க, மிக மெதுவாக ஏறும் சரிவு ஒன்று உண்டு. அந்தச் சரிவில் வால்வு எந்த டிகிரியில் அசையத் தொடங்கியது என்று சொல்வது யாருக்குமே கஷ்டம். அதனால் பல தயாரிப்பாளர்கள், டைமிங் பார்ப்பதற்கென்றே டேப்பெட்டை அகலமாக வைக்கச் சொல்லி, அந்த நிலையில் எடுத்த எண்களைப் போடுவார்கள். ட்ரையம்ப் 650 ட்வினில் ஓட்டும்போது இன்லெட் இடைவெளி 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. டைமிங் பார்க்க மட்டும் 0.50 மி.மீ. இன்லெட்டுக்குப் பத்து மடங்கு வித்தியாசம்! பின்னாளில் வந்த கேம்களுக்கு 1 மி.மீ. லிஃப்ட்டில் அல்லது 1.27 மி.மீ. லிஃப்ட்டில் எடுத்த எண்கள் தரப்படும். எந்த இடைவெளியில், எந்த லிஃப்ட்டில் என்று தெரியாமல் டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்த்து முடித்ததும் டேப்பெட்டை ஓட்டும் இடைவெளிக்குத் திருப்பி வைப்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இஞ்சினோடு வந்த கேமில் எந்த எண்ணும் இல்லை. யார் செய்தது, என்ன கேம் என்று தெரியாது. இதற்கு எப்படி டைமிங் வைப்பது?

பதில்: லோப்பின் நடுவைக் கண்டுபிடித்து வைக்கலாம். தெரிந்த கேமுக்கும் நாங்கள் சொல்லும் முறை இதுதான். காரணம், மேலே சொன்ன டேப்பெட் இடைவெளித் தொல்லை இதில் இல்லை. போன கேள்வியின் எண்களையே பாருங்கள். மேனுவலின் 30, 60ஐ எடுத்தால் வால்வு திறந்திருக்கும் காலம் 30, 180, 60 மூன்றும் சேர்ந்து 270. அதில் பாதி 135. திறப்பு 30ஐக் கழித்தால் 105. அதாவது இன்லெட் லோப்பின் மூக்கு (உச்சி) டாப்புக்கு 105 டிகிரி பின். வாசகர் அளந்த 44, 75ஐ எடுத்தால் மொத்தம் 299, பாதி 149.5, அதில் 44 போனால் 105.5. இடைவெளி மாறியும் நடு மாறவில்லை.

எக்ஸாஸ்ட்டுக்கும் இதேதான், திசை மட்டும் மாறும். பாட்டத்துக்கு 75 முன் திறந்து டாப்புக்கு 35 பின் மூடினால் மொத்தம் 290, பாதி 145, மூடல் 35ஐக் கழித்தால் டாப்புக்கு 110 முன்.

அளப்பது இப்படி. டயல் கேஜை வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டில் உட்கார வையுங்கள். கேஜின் தண்டு வால்வுத் தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும், சாய்ந்தால் அளவு பொய்யாகும். வால்வு மூடியிருக்கும்போதே கேஜின் தண்டு 1 அல்லது 2 மி.மீ. அழுந்தியிருக்கட்டும். டிகிரி பிளேட்டின் பூஜ்யம் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கிராங்கை ஓடும் திசையில் மட்டும் திருப்பி முழு லிஃப்ட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாம் முறை வரும்போது, முழு லிஃப்ட்டுக்கு 0.5 மி.மீ. குறைவாக உள்ள இடத்தில் நிறுத்தி டிகிரியை எழுதுங்கள். மேலே போய் மூக்கைத் தாண்டி, மறுபடி அதே 0.5 மி.மீ. குறையும் இடத்தில் நிறுத்தி எழுதுங்கள். 78, 134 என்று வந்தால் நடு 106.

நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் இரண்டு டிகிரி பின்னால் திருப்பிச் சரி செய்யாதீர்கள். கியரில் பல் இடுக்குத் தளர்வும், செயினில் தொய்வும் எதிர்ப்பக்கம் போய்விடும், எண் கெட்டுவிடும். கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

கேமுக்கு விவரமே இல்லை என்றால் நடுவை எங்கே வைப்பது? ரோடு வண்டிகளின் கேம்கள் பெரும்பாலும் 100க்கும் 110க்கும் நடுவில் வரும். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே ஷாஃப்ட்டில் இருந்தால் அவற்றின் இடைக்கோணத்தை மாற்ற முடியாது. ஆகவே இன்லெட் நடுவும் எக்ஸாஸ்ட் நடுவும் டாப்பிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் வருமாறு வைத்துத் தொடங்குங்கள். பிஸ்டன் இடைவெளியை அளந்த பிறகு, கீழ் ஆர்பிஎம் இழுவை வேண்டும் என்றால் இன்லெட்டை இரண்டு மூன்று டிகிரி முன்னே கொண்டுவரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் வேறு வேறு வடிவில் வெட்டிய கேமில் நடு என்பது மூக்கில் விழாது. 0.5 மி.மீ. குறைவில் ஒரு நடுவும், 2 மி.மீ. குறைவில் வேறொரு நடுவும் வந்தால் அது அப்படிப்பட்ட கேம். அதற்குத் தயாரிப்பாளர் தந்த திறப்பு, மூடல் எண்களைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: ட்ரையம்ப் 650 ட்வின். கியர்களின் குறிகள் எல்லாம் பொருந்தியிருந்தன. இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. மறுபடி பிரித்துவிட்டேன்.

பதில்: பிரித்திருக்க வேண்டாம். கிராங்க் கியரில் 25 பல், கேம் கியரில் 50 பல், நடுவில் உள்ள இடைக் கியரில் 47 பல். 47 பகா எண் என்பதால் எல்லாக் குறிகளும் மறுபடி ஒன்று சேர கிராங்க் 94 சுற்று சுற்ற வேண்டும். ஒரே பற்கள் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. குறி பிரிந்து போனாலும் டைமிங் மாறுவதில்லை. கேம் கியரில் மூன்று கீ காடிகள் இருப்பதையும் கவனியுங்கள். 50ஐ மூன்றால் வகுத்தால் மீதி வருகிறது அல்லவா? அதனால் காடியை மாற்றிப் போட்டால் ஒரு பல்லில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4.8 டிகிரி, நகர்த்தலாம். எந்தக் காடியில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கியரைக் கழற்றியிருந்தால் இனிப் புள்ளியை நம்ப வேண்டாம், டிகிரி பிளேட்தான்.

கேள்வி: கவாஸாகி இசட்1. இரண்டு கேமும் அம்புக்குறிப்படி உட்கார்ந்தன, செயின் பின்களையும் எண்ணிவிட்டேன். டென்ஷனரைப் போட்டதும் இன்லெட் கேம் நகர்ந்து குறி தப்புகிறது.

பதில்: எண்ணும்போது செயினின் தொய்வு தவறான இடத்தில் இருந்திருக்கிறது. இந்த வகை இஞ்சினில் கிராங்க் முன்பக்கமாகச் சுழல்கிறது. அதனால் எக்ஸாஸ்ட் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கிராங்குக்கு இறங்கும் முன்பக்கச் செயின்தான் இழுபடும் பக்கம். எக்ஸாஸ்ட்டுக்கும் இன்லெட்டுக்கும் நடுவே மேலே ஓடும் பகுதி அடுத்தது. பின்பக்கம் தளர்வுப் பக்கம், டென்ஷனர் அழுத்துவது அங்கேதான். தொய்வு முழுவதும் பின்னால் போய்ச் சேரும்படி மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

கிராங்கை 1, 4ஆம் சிலிண்டர்களின் டாப்பைக் காட்டும் டி குறியில் நிறுத்துங்கள். செயினை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி, முன்பக்கம் விறைப்பாக இருக்கும்போது எக்ஸாஸ்ட் கேமை ஏற்றி, அதன் குறி ஹெட்டின் மேற்பரப்போடு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கச் செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். குறி அசைந்தால் தொய்வு இன்னும் அங்கே இருக்கிறது. பிறகு மேனுவல் சொல்லும் செயின் பின்னிலிருந்து (கண்ணிகளை இணைக்கும் ஆணி) தொடங்கி எண்ணுங்கள். தவறு பெரும்பாலும் எண்ணிக்கையில் வருவதில்லை, குறிக்கு நேரே உள்ள பின்னை முதலாவது என்று எண்ணுவதா, அடுத்ததையா என்பதில்தான் வருகிறது. எண்ணிய பின்னில் பெயின்ட் தொட்டுவிடுங்கள். இன்லெட் கேமை மாட்டும்போது மேல் பகுதியும் விறைப்பாக இருக்கட்டும். டென்ஷனரைப் போடும்வரை பின்பக்கத் துளை வழியாக ஒரு மரக்குச்சியால் செயினை அழுத்திப் பிடித்து, கிராங்கை இரண்டு சுற்று கையால் திருப்பிக் குறிகளை மறுபடி பாருங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வலிந்து திருப்பினால் வால்வு வளையும்.

இன்னும் இரண்டு விஷயம் இந்த வேலையில் அடிக்கடி கெடுகிறது. கேம் கேப்பை ஒரு ஓரத்திலிருந்து முழுவதும் இறுக்கிக்கொண்டு போவது ஒன்று. அடியில் வால்வு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் கேப் விரியும், கேம்ஷாஃப்ட்டே ஒடிந்ததும் உண்டு. எல்லா போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கிக் கடைசியில் டார்க் ரெஞ்ச் பிடியுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கம் இருக்கும், சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். கை பலத்தில் இறுக்கினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். இன்னொன்று, செயினைக் கம்பியால் கட்டி வைக்காமலும் செயின் வழியைத் துணியால் அடைக்காமலும் வேலை செய்வது. ஸ்ப்ராக்கெட் போல்ட் ஒன்று கீழே விழுந்தால் கிராங்க்கேஸைத் திறக்க வேண்டிவரும்.

கேள்வி: ஹோண்டா சிபி750. ஹெட் 0.3 மி.மீ., பேரல் 0.2 மி.மீ. சீவியாயிற்று. டைமிங் மாறுமா? கியர் வைத்த புஷ்ராட் இஞ்சினிலும் மாறுமா?

பதில்: கியர் ஓட்டும் புஷ்ராட் இஞ்சினில் மாறாது. அங்கே கேம் கிராங்க்கேஸில் இருக்கிறது, ஹெட் இறங்கினால் டேப்பெட்டைத் திருத்தினால் போதும், அதிகம் சீவினால் புஷ்ராட் நீளத்தைப் பார்க்க வேண்டும். செயின் ஓட்டும் ஓவர்ஹெட் கேமில் மாறும். கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் 0.5 மி.மீ. குறைந்தால், இழுபடும் பக்கத்தில் அத்தனை தொய்வு விழுகிறது. கிராங்க் முதலில் அந்தத் தொய்வைச் சுருட்டிய பிறகுதான் கேம் திரும்பும். ஆகவே கேம் பின்தங்கும். ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பிசகு சுமார் 1.4 டிகிரி. இது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீண்டுபோன பழைய செயினும் கேமை அதே திசையில்தான் பின்தள்ளும். மெல்லிய கேஸ்கெட் போட்டாலும் அதே திசைதான். மூன்றும் கூடும்போதுதான் இழுவை குறைகிறது. செயினைப் புதிதாகப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

திருத்த வேண்டுமானால் ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு போல்ட் துளைகளையும் நீளவாக்கில் அராவலாம். போல்ட் துளை நடுவிலிருந்து 15 மி.மீ. தூரத்தில் இருந்தால், கிராங்கில் 4 டிகிரி நகர்த்தத் துளையை அரை மி.மீ. நீட்டினால் போதும். நிறைய அராவிவிடாதீர்கள். கேம் சுழலும் திசையிலேயே ஸ்ப்ராக்கெட்டுக்குள் கேமைத் திருப்பினால் முந்தும். நடு சரியாக வந்ததும் திரெட் லாக் போட்டு, மேனுவல் அளவுக்கு இறுக்கி, மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும். இறுக்கும்போது நகர்வது சகஜம்.

கேள்வி: ஒரு பல் முன்னே வைத்தால் கீழ் இழுவை கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கேமை முன்னே கொண்டுவந்தால் இன்லெட் சீக்கிரம் மூடி, கீழ் ஆர்பிஎம்மில் அழுத்தம் கூடும் என்பது சரிதான். ஆனால் அதற்கு உதவும் அளவு 2 முதல் 4 டிகிரி. ஒரு பல் என்றால் 50 பல் கியரில்கூட 14 டிகிரிக்கு மேல். இன்லெட் வால்வு அவ்வளவு சீக்கிரம் திறந்தால், ஏறி வரும் பிஸ்டன் அதைத் தொடக்கூடும்.

கேள்வி: வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி எவ்வளவு வேண்டும், எப்படி அளப்பது?

பதில்: இன்லெட்டில் குறைந்தது 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2 மி.மீ. எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல்? அது அதிகம் சூடாகி நீளும். அதோடு, மூடிக்கொண்டிருக்கும் வால்வைப் பிஸ்டன் பின்னாலிருந்து துரத்திக்கொண்டு வருகிறது. அதிக ஆர்பிஎம்மில் ஸ்பிரிங் கொஞ்சம் தாமதித்தாலும் இரண்டும் சந்தித்துவிடும். கேம் முந்தினால் இன்லெட் இடைவெளி குறையும், பின்தங்கினால் எக்ஸாஸ்ட் இடைவெளி குறையும். எனவே டைமிங்கை முடிவு செய்த பிறகுதான் இந்த அளவு.

சிறுவர்கள் விளையாடும் மாடலிங் களிமண்ணை 4 மி.மீ. கனத்துக்குத் தட்டி, பிஸ்டனின் இரண்டு வால்வுக் குழிகளிலும் ஒட்டுங்கள். வால்வின் முகத்தில் எண்ணெய் தடவினால் களிமண் ஒட்டாது. ஏற்கெனவே அழுந்திய பழைய ஹெட் கேஸ்கெட்டைப் போட்டு, ஹெட்டை முழு டார்க்குக்கு இறுக்கி, டேப்பெட்டை ஓட்டும் இடைவெளிக்கு வைத்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைப் பிளேடால் நெடுக வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். வால்வின் ஓரத்துக்கும் குழியின் சுவருக்கும் உள்ள பக்கவாட்டு இடைவெளியையும் பாருங்கள், 1 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. பெரிய வால்வு போட்ட ஹெட்டுகளில் மோதல் நேர்வது பெரும்பாலும் அங்கேதான். மிக நெருங்கும் இடம் டாப் அல்ல. இன்லெட்டுக்கு டாப்பைத் தாண்டி 10, 15 டிகிரியிலும், எக்ஸாஸ்ட்டுக்கு டாப்புக்கு 10, 15 டிகிரி முன்னும் வரும்.

கேள்வி: கியரை உள்ளே தள்ளும்போதே புள்ளி ஒரு பல் விலகுகிறது.

பதில்: சாய்வுப் பல் கியரில் அப்படித்தான். உள்ளே போகப் போகக் கியர் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அத்தனை தூரம் எதிர்ப்பக்கம் தள்ளித் தொடங்குங்கள். முழுவதும் உட்கார்ந்த பிறகு புள்ளி பொருந்தினால் சரி.

கேள்வி: டைமிங் எல்லாம் சரியாக வைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. மிதிக்கும்போது கார்புரேட்டரில் வெடிக்கிறது. மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறி தரும் கருவி) உள்ள சிங்கிள்.

பதில்: பொறி ஒரு சுற்று தள்ளி வருகிறது. பிஸ்டன் டாப்புக்கு வருவது இரண்டு முறை. ஒன்று கம்ப்ரஷன், மற்றது ஓவர்லாப். கேம் டைமிங் வைக்கும்போது கிராங்க் எந்த டாப்பில் இருந்தாலும் ஒன்றுதான், ஆனால் கேமின் வேகத்தில், அதாவது கிராங்கின் பாதி வேகத்தில், சுழலும் மேக்னெட்டோவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அது ஒன்றல்ல. நீங்கள் ஓவர்லாப்பில் வைத்து இணைத்திருக்கிறீர்கள். இன்லெட் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பொறி விழுவதால் கார்புரேட்டரில் வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, இன்லெட் ராக்கர் இறங்கி ஏறிய பிறகு காற்று விரலைத் தள்ளும் சுற்றில் டாப்புக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு டேப்பெட்டும் தளர்வாக இருக்க வேண்டும். அந்த நிலையில் கிராங்கை அட்வான்ஸ் அளவுக்கு (டாப்புக்கு எத்தனை டிகிரி முன் பொறி விழ வேண்டுமோ அவ்வளவு) பின்னே திருப்பி, பாயின்ட் (விலகும்போது பொறி தரும் தொடுமுனை) அப்போதுதான் விலகுமாறு மேக்னெட்டோ கியரை மாட்டுங்கள். கேம் கியரைத் தொடவே வேண்டாம்.